நீர் மாத்திரை

மார்ச் 4
எடை 71.2. காலையில் எழுந்ததும், எதுவும் சாப்பிடுவதற்கு முன்பு. இதயம் பலவீனமாகிவிட்டது என்று மருத்துவர் சொன்ன நாளிலிருந்து இப்படித்தான் பொழுது விடிகிறது. மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் உடனே கூப்பிட வேண்டுமாம். "அது சதை இல்லண்ணா, தண்ணி" என்றாள் நர்ஸ்.

மார்ச் 5
விடுப்பு முடிந்து மறுபடியும் பேருந்து ஓட்டப் போனேன். நீர் மாத்திரை போட்டால் இரண்டு மணி நேரத்துக்குக் கழிப்பறையே கதி. நாற்பது பேரை உட்கார வைத்துவிட்டு எங்கே ஓடுவது? இன்று போடவில்லை. ஒரு நாள்தானே.

மார்ச் 7
மூன்றாவது "ஒரு நாள்". 72.9. நர்ஸ் கொடுத்த எடை நோட்டில் 71.4 என்று எழுதினேன். மனைவி தினமும் அதைப் பார்க்கிறாள்.

மார்ச் 8
ஷூ ஏறவில்லை. நாங்கள் "ரேடியோ" என்று கூப்பிடும் கண்டக்டர் என் காலைப் பார்த்தான். "என்னண்ணே, தலகாணிக்கு உறை மாட்டுறீங்களா?" சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

மார்ச் 9
மேம்பாலம் ஏறும்போது மூச்சு கிடைக்கவில்லை. எப்படியோ ஓரங்கட்டி பிரேக்கைப் போட்டேன். "என்னாச்சு டிரைவர்?" - யாரோ ஒரு அம்மா. பதில் சொல்லக்கூட காத்து இல்ல. என்ன காரியம் பண்ணிட்டேன்? என் ஒரு உசுரு மட்டும்தான்னு நெனச்சேனே. பின்னாடி நாப்பது உசுரு...

மார்ச் 13
மருத்துவமனைக் கட்டில். நர்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "வேலை முடிஞ்சப்புறம் போடுற மாதிரி நேரத்த மாத்தியிருக்கலாமே, அண்ணா. ஏன் கேக்கல?" கேட்க வெட்கம். அவ்வளவுதான் காரணம்.

மனைவி மாத்திரையைப் பற்றிப் பேசவே இல்லை. "நோட்டுல எனக்காகப் பொய் எழுதினீங்களா?" என்று மட்டும் கேட்டாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

மார்ச் 27
இனி ஓட்டக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார் மருத்துவர். பணிமனையில் உதிரிபாக அறையில் போட்டார்கள். இருபத்தாறு வருஷம் ஸ்டியரிங் பிடித்த கையை மேசைமேல் எப்படி வைப்பது என்றே தெரியவில்லை.

ஏப்ரல் 6
உப்பு கூடாது என்று ஊறுகாய்ப் பாட்டிலை மனைவி பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். சண்டை போட்டேன். பிறகு பூண்டும் மிளகும் தூக்கலாகப் போட்டு ஏதோ செய்தாள். பரவாயில்லை. அவளிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 18
இரண்டே நாளில் இரண்டு கிலோ. நோட்டில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். நானே நர்ஸைக் கூப்பிட்டேன். மாத்திரையைக் கூட்டினார்கள். மருத்துவமனைக் கட்டில் வரை போகவில்லை.

மே 2
மாலையில் மனைவியும் நானும் தெருமுனை வரை என்று கிளம்பி, தபால் நிலையம் வரை போய்விட்டோம். என் பேருந்து கடந்து போனது. ஓட்டியது புது ஆள். வளைவை நன்றாகத்தான் திருப்பினான்.

வழியில் ஒரு முறை நின்றோம். மூச்சு வாங்கியது அவளுக்கு.