சீல் கிழிந்த ரேடியோ

நந்திதுர்க்,
3-2-1963

அன்புள்ள சுந்தரிக்கு,

நலம். நீயும் நம் மகளும் நலமா? பிறந்த அன்று வந்து பார்த்த முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

இங்கே ஒரு தொல்லை. நம் கல்யாணத்துக்கு உன் அண்ணன் வாங்கிக் கொடுத்த ரேடியோ போய்விட்டது. போன மாதம் தங்கச் சுரங்கத்தில் பெரிய ராக் பர்ஸ்ட். பூமிக்குள் பாறை வெடித்தால் மேலே நம் லைன் வீடு என்ன ஆட்டம் ஆடும் என்று உனக்குத் தெரியும். பாத்திரமெல்லாம் விழுந்தன. ரேடியோ விழவில்லை, பேச்சு மட்டும் நின்றுவிட்டது. பின்பலகையைக் கழற்றி, ஆடிப்போன கண்ணாடி வால்வை அதன் குழியில் அழுத்திவிட்டேன். பாடியது. இந்த ஊரில் எல்லாரும் செய்வதுதானே! எதிர்வீட்டு மங்கம்மாவின் செட்டுக்கு நீயே எத்தனை தரம் அழுத்திக் கொடுத்திருக்கிறாய்!

கழற்றும்போது பின்னால் ஒட்டியிருந்த கம்பெனிச் சீல் கிழிந்தது. நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. போன வாரம் உள்ளே புகைந்தது. டிரான்ஸ்பார்மர் எரிந்துவிட்டது. நான் வால்வை அழுத்தியதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஒரு வருட கியாரண்டி இருக்கிறதே என்று மடியில் வைத்துக்கொண்டு பெங்களூர்க் கடைக்குப் போனேன். அந்த ஆள் செட்டைப் போட்டுக்கூடப் பார்க்கவில்லை. திருப்பி வைத்துச் சீலைப் பார்த்தார். "சீலு கிழிஞ்சா கியாரண்டி இல்லீங்க" என்றார். வீடு ஆடிய கதையைச் சொன்னேன். "அதெல்லாம் கார்டுல எழுதல" என்றார்.

உள்சாமான் வாங்கி நானே கட்டிவிடுகிறேன். அண்ணனிடம் பக்குவமாகச் சொல்.

உன்,
நாகேஷ்

*

குடியாத்தம்,
9-2-1963

அன்புள்ள மாமாவுக்கு,

பக்குவமாகச் சொல் என்று சுலபமாக எழுதிவிட்டீர்கள். சொல்லிப் பாருங்கள், தெரியும்.

"கம்பெனி செட்டு வேணாம், நானே கட்டிக்கிறேன்னு கல்யாணத்துலயே சொன்ன ஆளு. வேணும்னே பிரிச்சிருக்காரு" என்கிறார் அண்ணன். இல்லை என்றேன், காதிலேயே வாங்கவில்லை. அவருக்கு எதுவும் கெட்டுப்போனால் யார் பொறுப்பு என்று தெரிந்தாக வேண்டும். தங்கைக்குக் கியாரண்டியோடு ரேடியோ வாங்கிக் கொடுத்தேன் என்று பஜார் முழுக்கச் சொல்லி வைத்தவர் வேறு.

வீடு ஆடிய சேதி அம்மா காதுக்கும் போய்விட்டது. "பச்சக் கொழந்தய அங்க அனுப்பணுமா?" என்று ஆரம்பித்துவிட்டாள். எனக்குப் பயமாக இருக்கிறது மாமா. நான் என் வீட்டுக்கு வரவேண்டும். பேர் வைக்கும் நாளில் வாருங்கள். அண்ணன் எதைச் சொன்னாலும் தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள்.

உங்கள்,
குணசுந்தரி

*

நந்திதுர்க்,
26-2-1963

அன்புள்ள சுந்தரிக்கு,

வாயைத் திறந்துவிட்டேன். நீ உள்ளே குழந்தையோடு இருந்தாய், நடந்ததை என் வாயாலேயே கேள்.

பேர் வைத்த பந்தியில் எல்லார் முன்னாலும் உன் அண்ணன், "இன்னா மாப்ள, சீல ஒட்டியாச்சா?" என்றார். "எங்கூர்ல ஆடுற வூட்டுக்கு உங்க கார்டு செல்லாது மச்சான். கட்டினவன் கூடவே இருந்தா கியாரண்டி எதுக்கு?" என்றேன். பந்தி சிரித்தது. அதுதான் வினை. "ஆடுற வூட்டுக்கு என் தங்கச்சி மட்டும் எதுக்கு? என் ரேடியோவ அனுப்பிடு. நான் கூப்புடாம இந்தப் படி ஏறாத" என்றார். "நீ கூப்புடாம ஏற மாட்டேன்" என்று பாதி இலையில் எழுந்து வந்துவிட்டேன்.

செட்டைக் கட்டி முடித்துவிட்டேன். பெட்டி அவருடையது, உள்ளே இருப்பது என் கைவேலை. என் சாமானை எடுத்துக்கொண்டு வெறும் பெட்டியை அனுப்பத்தான் ஸ்குரூ டிரைவரை எடுத்தேன். நீ பாட்டுக் கேட்பாயே என்று மனசு வரவில்லை. என் ஷிப்ட் கூட்டாளி ஏனோக் வேலூர் போகிறான், வழியில் இறங்கிக் கொடுப்பான். கெட்டால் எந்தக் கடையும் பொறுப்பேற்காது என்று மச்சானிடம் சொல்லிவிடு.

ஷிப்ட் முடிந்து வந்தால் விளக்குப் போடக்கூடத் தோன்றவில்லை. அண்ணனைப் பகைத்துக்கொண்டு கைக்குழந்தையோடு வா என்று எப்படி எழுதுவேன்?

நாகேஷ்

*

குடியாத்தம்,
5-3-1963

மாமாவுக்கு,

ஏனோக் அண்ணன் ரேடியோவைக் கொண்டுவந்து கொடுத்தார். வாசலில் ஜட்கா நின்ற சத்தம் கேட்டு, நீங்கள்தான் என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். உங்கள் இரண்டு பேர் ரோஷத்துக்கும் நான்தானா கிடைத்தேன்?

குணசுந்தரி

*

குடியாத்தம்,
20-4-1963

அன்புள்ள மாமாவுக்கு,

கோபம் இன்னும் தீரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

உங்கள் ரேடியோவுக்கு இங்கே ராஜ மரியாதை. செய்தி கேட்காமல் அண்ணன் சாப்பிட உட்காருவதில்லை. "நல்லாத்தான் கட்டியிருக்கான்" என்று அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

திங்கட்கிழமை அது பேச்சை நிறுத்திவிட்டது. அண்ணன் மேலே தட்டினார், பக்கத்தில் தட்டினார். பஜார் ரிப்பேர்க் கடைக்குத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். "வேற ஆளு கை வெச்சா நாளைக்கு யாருண்ணா பொறுப்பு?" என்றேன். அவர் பேச்சை அவருக்கே கொடுத்தேன். பெட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

மூன்று நாள் செய்தி இல்லாமல் சாப்பிட்டார். பிறகு, "கட்டினவனையே வரச் சொல்லு" என்றார். நான் எழுதினால் வரமாட்டார், நீதான் கூப்பிட வேண்டும் என்றேன். தனித் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார், இதோடு வைத்திருக்கிறேன். 'மாப்பிள்ளை, ஞாயிறு வரவும்.' அவ்வளவுதான். அதை எழுதுவதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது.

"கெடும்போதெல்லாம் அவரு வர முடியுமா? அது கட்டினவர் வூட்லயே இருக்கட்டும், நானும் கெளம்பறேன்" என்றும் சொல்லிவிட்டேன். அம்மா குழந்தைத் துணிகளை மடித்து மூட்டை கட்டுகிறாள்.

இனி எழுதுவது உங்களுக்கு மட்டும். செட்டில் ஒரு கோளாறும் இல்லை. வீட்டில் யாரும் இல்லாதபோது அணைத்து, ஆறவிட்டு, ஓரத்து வால்வை நான்தான் கொஞ்சம் மேலே தூக்கிவிட்டேன். அழுத்தத் தெரிந்தவளுக்குத் தூக்கத் தெரியாதா?

வந்ததும் அழுத்திவிடாதீர்கள். எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுச் சாயங்காலம் வரை உட்காருங்கள். அண்ணன் வந்து பக்கத்தில் உட்காருவார். ஸ்குரூ டிரைவரை அவரிடம் கேட்டு வாங்குங்கள்.

உங்கள்,
குணசுந்தரி