மத்தியான ஓட்டு

2024 ஏப்ரல் 3, புதன்

தாலுகா ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன்தான் செஞ்சியை ஆள்கிறான். இன்று மட்டும் ஆறாயிரம் ஆதார் அட்டைக்கு நகல் எடுத்தேன். சரி, அறுபது. நமக்கு நாமே எழுதிக்கொள்வதில் என்ன கஞ்சத்தனம்?

சாயங்காலம் அக்கா மகள் ஜெயஸ்ரீ டீச்சர் எட்டுப் பக்கம் கொண்டுவந்து, டைப் அடித்துத் தரச் சொன்னாள். 27ஆம் தேதி நூலகத்தில் பேசுகிறாள். தென்னாப்பிரிக்காவில் எல்லா நிறத்தாரும் சேர்ந்து முதல் ஓட்டுப் போட்டு அன்றைக்கு முப்பது வருஷம் ஆகிறதாம்.

ஏப்ரல் 5, வெள்ளி

டைப் அடித்து முடித்தேன். விரல் நோகவில்லை, நெஞ்சு நோகிறது.

வெள்ளைக்காரனுக்குத் தனி பெஞ்சு, தனி பஸ், தனிக் கடற்கரை. கறுப்பு மனிதன் சொந்த நாட்டில் நடமாடச் சட்டைப்பையில் பாஸ் வைத்திருக்க வேண்டும். அப்பேர்ப்பட்ட தேசத்தில் ஒருநாள் எல்லாரும் ஒரே வரிசையில் நின்றார்கள், மைல் கணக்கில்.

எங்கள் ஊருக்கு என்ன கேடு? செஞ்சியிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிஷம். காலையில் ஊர்க்காரர்கள் ஓட்டு, மத்தியானத்துக்கு மேல் காலனி ஓட்டு. எந்தச் சட்டத்திலும் இல்லை, எந்தச் சுவரிலும் எழுதவில்லை. யார் சொன்னது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ‘எப்பவும் அப்படித்தான்’ என்கிறார்கள். நிலக்காரர் தாண்டவராயனும் ஒவ்வொரு தேர்தலன்றும் தவறாமல் காலை ஆறு மணிக்குக் காலனி ஆட்களைத் தன் கொல்லையில் வேலைக்குக் கூப்பிட்டுவிடுவார். பன்னிரண்டு வரைக்கும் வேலை. பிறகு போய் ஜனநாயகத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

ஏப்ரல் 7, ஞாயிறு

நான் பிறந்த காலனிக்குப் போய்ப் பேருரை ஆற்றினேன். ‘பத்தொன்பதாம் தேதி காலை ஏழு மணிக்கு எல்லாரும் வரிசையில்!’ என்றேன். முழக்கத்தில் ராஜகிரிக் கோட்டையே ஒரு அடி நகர்ந்திருக்கும். கேட்டவர்கள் ஒன்பது பேர். அதில் இரண்டு பேர் தூங்கினார்கள்.

என் அக்கா மீனம்பாள், ஜெயஸ்ரீயின் அம்மா, முறத்தில் அரிசி புடைத்தபடியே கேட்டாள்: “ஏழு மணிக்கு மல்லாட்டையை யாரு புடுங்கறது? ஒம் பொண்டாட்டியா?”

கடலை பிடுங்குகிறவர்களுக்கும் தேர்தலன்றைக்குச் சம்பளத்தோடு லீவு, அது சட்டம் என்றேன்.

“அந்தச் சட்டத்த நம்ம கொல்லக்காரர்கிட்ட போயி படிச்சிக் காட்டு. நான் முறத்தோட பின்னால வரேன்.”

ஐயோ.

ஏப்ரல் 10, புதன்

ஔரங்கசீப்பின் படை எட்டு வருஷம் முற்றுகையிட்டு இந்தச் செஞ்சிக்கோட்டையைப் பிடித்தது. மீனம்பாள் என்கிற கோட்டைக்கு எண்ணூறு வருஷம் போதாது.

ஏப்ரல் 14, ஞாயிறு

காலனியில் அண்ணல் படத்துக்கு மாலை, மைக்செட், பொங்கல். எல்லாரும் கை தட்டினார்கள். வெள்ளிக்கிழமை காலை வருவீர்களா என்றால் எல்லாரும் பொங்கலைப் பார்க்கிறார்கள்.

இது போதாதென்று ஜெயஸ்ரீ, “மாமா, நீங்க எத்தன மணிக்குப் போடுவீங்க?” என்றாள்.

என் வீடு செஞ்சியில், என் ஓட்டு இன்னும் ஊரில். முப்பத்தைந்து வருஷமாக இரண்டு மணி பஸ்ஸில் போய்த்தான் போட்டு வருகிறேன். அந்த பஸ்ஸில்தான் கூட்டம் இருக்காது என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

கூட்டமா காரணம்? யாரிடமடா கதை விடுகிறாய், இளையபெருமாள்?

ஏப்ரல் 18, வியாழன்

கடைக்கு நாளை லீவு. போர்டு எழுதி மாட்டிவிட்டேன்.

ஏப்ரல் 19, வெள்ளி

ஆறு இருபது பஸ். ஏழுக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் நின்றேன். ஆண்கள் வரிசையில் ஐந்தாவது ஆள். முன்னால் நாலு பேரும் ஊர்க்காரர்கள். காலனியிலிருந்து ஒரு காக்கா வரவில்லை.

எனக்குப் பின்னால் வந்தவரிடம், “நீங்க போங்க, நமக்கு ஆளு வருது” என்றேன். அடுத்தவரிடமும் அதையே. இப்படிப் பதினெட்டுப் பேரை முன்னால் விட்டேன். வரிசையில் பின்னோக்கி நகர்ந்த ஒரே இந்தியக் குடிமகன் நானாகத்தான் இருப்பேன். போலீஸ்காரர் இரண்டு தடவை வந்து உடம்புக்கு என்ன என்று கேட்டார்.

பள்ளிச் சுவருக்கு அந்தப் பக்கம் தாண்டவராயன் கொல்லை. மல்லாட்டைச் செடிகளுக்கு நடுவே குனிந்த முதுகுகள். அதில் அக்கா முதுகு எது என்று எனக்குத் தெரியாதா? கத்திக் கூப்பிடலாமா? கூப்பிட்டு? அவள் பிழைப்பைக் கெடுக்கவா?

எட்டரைக்கு அவளே வந்தாள். முந்தானையை உதறிக்கொண்டு, கையெல்லாம் செம்மண். பின்னால் பதினோரு பெண்கள்.

“மணிக்கணக்கா ஒண்டியா நின்னுக்கினு போறவன் வரவனுக்கெல்லாம் வழி உட்டுக்கினு கெடக்கற. கொல்லையில எல்லாரும் பாத்து சிரிக்கறாளுங்க. எனக்கு மானம் போவுது” என்றாள்.

என் எட்டுப் பக்கமும் என் பேருரையும் சாதிக்காததை என் அசட்டுத்தனம் சாதித்தது. எப்படியோ, நான்தான்.

பெண்கள் வரிசையில் நின்றார்கள், அக்கா கடைசியில். கொஞ்ச நேரத்தில் தாண்டவராயன் சம்சாரம் விருத்தாம்பாள் வந்தார். பழக்கதோஷம், காலனிப் பெண்கள் தானாக விலகினார்கள். அக்கா விலகவில்லை. திரும்பிப் பார்த்து, சாதாரணமாகச் சொன்னாள்:

“எனக்குப் பின்னால வந்து நில்லுங்கம்மா. இதுவரைக்கும் நெழலு இருக்குது.”

அந்தம்மா வரப்பைப் பார்த்தார். தாண்டவராயன் அங்கே குடையோடு நின்றிருந்தார். வரிசையைப் பார்த்தார். பிறகு வந்து பின்னால் நின்றார்.

முப்பத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக நானும் காலையிலேயே போட்டேன். இதற்கு மேல் எழுத வரவில்லை, வெயில்தான்.

ஏப்ரல் 20, சனி

காலையிலேயே தாண்டவராயன் போன். “பெருமாளு, பாதி வேலையில எழுந்து போனவங்க இனிமே வர வேணாம். ஒங்க அக்காகிட்ட சொல்லிடு.”

வாயில் ஆயிரம் பதில் வந்தது. சொன்னது “சரிங்க” ஒன்றுதான். தூ.

ஏப்ரல் 22, திங்கள்

அக்கா வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறாள். பன்னிரண்டு பேருக்கும் வேலை இல்லை. அரிசி வாங்கிப் போனேன். வாங்கிக்கொண்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தென்னாப்பிரிக்கா பற்றி என்னை யார் படிக்கச் சொன்னது? டைப் அடித்தோமா, காசு வாங்கினோமா என்று இருக்கக் கூடாதா?

ஏப்ரல் 24, புதன்

தாண்டவராயன் பனமலைப் பக்கமிருந்து ஆள் கூட்டி வந்தாராம். வந்தவர்கள் வெயிலுக்குப் பயந்து பத்து மணிக்கே வண்டி ஏறிவிட்டார்கள். மண் காய்ந்து பாறையாகிவிட்டது. செடியை இழுத்தால் காய் மண்ணோடு நின்றுவிடுகிறதாம்.

எனக்குச் சந்தோஷமில்லை. கொஞ்சம் இருக்கிறது. மலையளவு இருக்கிறது.

ஏப்ரல் 25, வியாழன்

கடைக்கு விருத்தாம்பாள் வந்தார். பட்டா நகல் ஒன்று. எடுத்துக் கொடுத்தும் போகவில்லை. கண்ணாடிப் பெட்டியைத் துடைப்பதுபோல் கையை வைத்துக்கொண்டு, “அவரு கேக்க மாட்டாரு. நான் கேக்கறேன். ஒங்க அக்கா எப்ப வருவாங்கன்னு கேட்டுச் சொல்லு” என்றார்.

‘வருவா’ இல்லை, ‘வருவாங்க.’ என் காதால் கேட்டேன்.

மனு எழுதி, முத்திரை ஒட்டி, மூன்று பிரதி கொண்டு வாருங்கள் என்று சொல்ல நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன். ராத்திரி அக்காவுக்குப் போன் போட்டேன். “நாளைக்கு யோசிச்சி சொல்றேன்” என்று வைத்துவிட்டாள். அரசாங்கம்கூட இவ்வளவு யோசிக்காது.

ஏப்ரல் 27, சனி

நூலகத்தில் பதினான்கு பேர். நான் எண்ணியது பதினான்கு, ஊரில் சொல்லப்போவது நானூறு. ஜெயஸ்ரீ நன்றாகப் பேசினாள். எஜமானி அம்மாவும் அவள் வீட்டில் துணி துவைத்தவளும் அன்று ஒரே வரிசையில் மணிக்கணக்காக நின்ற கதையைச் சொன்னபோது ஒரு வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கேள்வி இருக்கிறதா என்றார்கள். கடைசி நாற்காலியிலிருந்து அக்கா கை தூக்கினாள்.

“ஓட்டு போட்டாச்சு, சரி. மறுநாளு அந்தத் துணி தொவைக்கறவ யாரு ஊட்டுக்கு வேலைக்குப் போனா?”

ஜெயஸ்ரீ பேப்பரைப் புரட்டினாள். நான் அடித்த எட்டுப் பக்கத்தில் அது இல்லை. பேப்பரை மூடிவிட்டு, “அதே ஊட்டுக்குத்தாம்மா” என்றாள்.

அக்கா தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். முகம் வாடவில்லை. தெரிந்ததைச் சரிபார்த்துக்கொண்டவள் மாதிரி இருந்தது.

பஸ் ஏற்றிவிடப் போனேன். ஜன்னல் வழியாக, விருத்தாம்பாளுக்குப் பதில் சொல்லிவிடு என்றாள். திங்கட்கிழமை பன்னிரண்டு பேரும் வருகிறார்கள். ஆறு மணிக்கு இல்லை, எட்டு மணிக்கு.

விருத்தாம்பாளுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அந்தம்மா போனைக் கைமாற்றினார்.

“எட்டுக்கே வரட்டும்” என்றார் தாண்டவராயன்.