எல்லைச் சாவடியின் பதினோராவது ஆள்

மார்ச் 3

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. முழங்கால் வலியைத் தவிர மற்றபடி சுகம். பாப்பா இந்த மாமாவை மறந்தே போனாளா?

ஒரு செய்தி. நானும் உன் வீட்டுக்காரனும் இருந்த எல்லைச் சாவடியை மூடுகிறார்களாம். அதன் வரலாற்றை எழுத ஆள் தேடி, கடைசியில் பழைய வயர்லெஸ்காரனான என்னைப் பிடித்திருக்கிறார்கள். என்னத்தை எழுத? முதலில் இரண்டு கூடாரம், அப்புறம் கல் சுவர், தகரக் கூரை, பதினோரு பேர். முப்பத்தெட்டு வருடத்தில் அங்கே குண்டடி பட்ட ஒரே ஜீவன் எங்கள் கோவேறு கழுதைதான். சுட்டதும் எங்கள் சமையல்காரன்தான்.

உன் வீட்டுக்காரன் அங்கிருந்து உனக்கு எழுதிய கடிதங்கள் இருந்தால் அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்

மார்ச் 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

கழுதைக் கதையைப் படித்துப் பாப்பா விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் சிரித்து நாளாகிறது. வந்த சம்பந்தம் தட்டிப்போனது. "ஓடிப்போனவன் பொண்ணுதானே" என்று வாசலில் வைத்தே சொல்லிவிட்டுப் போனார்கள்.

கடிதங்கள் இல்லை. அவர் ஓடிப்போனதாகத் தந்தி வந்த அன்றே அத்தை எல்லாவற்றையும் அடுப்பில் போட்டுவிட்டார். "பெத்த வயிறு எரியுது, இதுவும் எரியட்டும்" என்றார். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அண்ணா, வரலாற்றிலும் அவர் ஓடிப்போனார் என்றுதான் எழுத வேண்டுமா? அந்த ஒரு வரியை விட்டுவிடக் கூடாதா? இத்தனை வருடம் எங்களுக்குத் துணையாக நின்றவர் நீங்கள். வேறு யாரிடம் கேட்பேன்?

தங்கள்,
தங்கச்சி

ஏப்ரல் 20

தங்கச்சி,

உட்கார்ந்து படி. அவன் ஓடவில்லை.

சாவடியைப் பிரிக்கப் போனவர்கள், பள்ளத்தில் பனி உருகிய இடத்தில் அவனைக் கண்டெடுத்திருக்கிறார்கள். கழுத்தில் அவனுடைய பட்டாள எண் பொறித்த வில்லை இருந்தது. அலுவலகக் கடிதம் உனக்கு வரும். அதில் இல்லாததை நான்தான் சொல்ல வேண்டும்.

அவன் காணாமல் போன அன்று வயர்லெஸ் பேட்டரி செத்துக் கிடந்தது. நான் கவனிக்காமல் விட்டது. மறுநாள் அதிகாரி சாமான்களைச் சோதிக்கும் நாள். கீழ்முகாமில் ஒருவனிடம் யாருக்கும் தெரியாமல் வேறொன்று கேட்டு வைத்திருந்தேன். எனக்கோ காய்ச்சல். உன் வீட்டுக்காரனிடம் கெஞ்சினேன். "இதெல்லாம் ஒரு வேலையாடா? சாயங்காலத்துக்குள்ள வந்துடறேன்" என்று கிளம்பினான். கொஞ்ச நேரத்தில் பனி பிடித்துக்கொண்டது.

காலையில் அதிகாரி, "அவன் எங்க?" என்று கேட்டார்.

"தெரியாது சார்" என்றேன்.

ஓடிப்போயிருப்பான் என்று ஊருக்குப் போகும் வழியில் தேடினார்கள். கீழ்முகாம் பாதையில் யாரும் தேடவில்லை. பேட்டரி கொடுத்தவனும் பயந்து வாயைத் திறக்கவில்லை.

முதுகில் பேட்டரியைக் கட்டியபடியே கிடந்தானாம். அவன் திரும்பி வந்துகொண்டுதான் இருந்திருக்கிறான்.

வரலாற்றில் இதை அப்படியே எழுதி அனுப்பிவிட்டேன். உன் காலில் விழுகிறேன்.

அண்ணன்

மே 2

உங்கள் கடிதம் வந்தது.

பாப்பாவிடம், "அப்பா ஓடலடி" என்றேன். "அப்ப ஏம்மா வரல?" என்று சின்னக் குழந்தை மாதிரி கேட்டாள். கடிதத்தைக் கையில் கொடுத்தேன். படித்து முடித்தவள் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை.

அவர் கிடைக்காமலே போயிருந்தால் சொல்லியிருப்பீர்களா?

இருபத்திரண்டு வருடத்தில் அவரைச் சபிக்காத நாள் கிடையாது. "எவகூட இருக்கியோ, நீ நல்லாவே இருக்க மாட்ட" என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறேன். நீங்கள் எதிரில் உட்கார்ந்து, "விடும்மா, உனக்குக் குடுத்துவச்சது அவ்வளவுதான்" என்று ஆறுதல் சொன்னீர்கள். நான் விட்ட சாபத்தையெல்லாம் இப்போது எங்கே போய்த் திருப்பி எடுப்பேன்?

இனி எழுத வேண்டாம்.

அவருடைய மனைவி