ஒளித்து வைத்த செருப்பு

ஏனுங்க,

கட்டிலடியில் பனியன் வேஸ்ட் துணி மூட்டைக்குப் பின்னால் நீங்கள் ஒளித்து வைத்த என் செருப்பு கிடைத்துவிட்டது. அதைப் போட்டுக்கொண்டு மண்ணரைக்கு, அமராவதி அக்கா வீட்டுக்கு, நடந்தே போகிறேன்.

டாக்டரம்மா என் சிறுநீரைக் குழாயில் காய்ச்சிப் பார்த்து, வயிற்றில் பிள்ளை இருக்கும்போது சர்க்கரை ஏறியிருக்கிறது, இனிப்பை நிறுத்து, தினமும் நட என்றார். பக்கத்தில் நின்று "சரிங்க, சரிங்க" என்று தலையாட்டியது யார்? வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் எடுக்க ஆள் வைத்தீர்கள். ஆட்டுக்கல் பக்கமே போகக்கூடாது என்றீர்கள். நேற்று கம்பெனி விட்டு வரும்போது கையில் ஜிலேபிப் பொட்டலம் வேறு. "ஒண்ணு தின்னா ஒண்ணும் ஆகாது அம்மிணி" என்றால் எனக்குக் கோபம் வராதா? அதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

ராகிக் களியும் கீரையும் அடுப்படியில் மூடி வைத்திருக்கிறேன். இனி உங்களுக்கும் அதுதான். கம்பெனிக்குக் கிளம்பும்போது மறக்காமல் வீட்டைப் பூட்டுங்கள்.

போன தடவை பிள்ளை தங்காததற்கு நான் நடந்ததுதான் காரணம் என்று மனதில் வைத்திருக்கிறீர்கள். டாக்டரம்மாவிடம் தனியாகக் கேட்டேன். அதனால் இல்லை என்றார். இனி அந்தப் பேச்சை விடுங்கள்.

பாவாத்தாள்

சாயந்திரம் அழைக்க வருவீர்கள், தெரியும். சைக்கிளில் ஏறச் சொன்னால் ஏறமாட்டேன். தள்ளிக்கொண்டு கூடவே நடப்பதானால் வாருங்கள்.

பயமாக இருந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். யார் பார்த்தாலும் பார்க்கட்டும்.