வீணையைத் தொடாத நாட்கள்

மதிப்புக்குரிய மாமிக்கு,

அம்மன் அருளால் நான் சுகம். உங்கடை முழங்கால் நோ குறைந்ததோ?

நேற்று இசைத்துறைத் தலைவரின் அறையில் அவர், வீணை ரீச்சர், கந்தோரில் வரவு பதியும் லிகிதர் அக்கா, நான் என நாலு பேர் இருந்தோம். வரவு எண்பது வீதம் இல்லாவிட்டால் சோதனை எழுத ஏலாதாம். என் கணக்கில் எழுபத்தாறு. துடக்கு நாட்களில் வீணையைத் தொடக்கூடாதென்று மாதாமாதம் விடுதியிலேயே நின்றுவிட்டேன். இனி ஒரு நாளும் தவறாவிட்டால்தான் எண்பது வருமாம்.

"வருத்தமெண்டு டொக்டரிட்டைத் துண்டு எழுதி வாங்கித் தாருமன்" என்றார் அக்கா. பொய்யெல்லோ? ரீச்சர் சிரித்தார். "வீணை ஒண்டும் கோவிக்காது, நீர் வாரும்."

கொறிக்கக் கொஞ்சம் புழுக்கொடியல் அனுப்புங்கோ. பின்னேரங்களில் கதைக்க ஆளில்லாமல் வாய் சும்மா கிடக்குது.

இதைப் போனில் கேட்க வெட்கம், உங்களுக்குப் பக்கத்தில் உங்கடை மகன் நிற்பார். நீங்கள் அனுப்பித்தான் இந்த வயதில் படிக்க வந்தனான். வாற செவ்வாய்க்குப் பிறகு அந்த நாட்கள் தொடங்கிவிடும். நான் வீணையைத் தொடலாமோ? அதற்கு முன் பதில் போடுங்கோ.

மருமகள்
துஷாந்தி