அறுபத்து நான்காம் இலக்கம்

தர்மபுரம்,
09.11.2025

அன்பின் அத்தானுக்கு,

உங்கள் யதுர்ஷி எழுதுவது. மாமா, பிள்ளை, நான் மூவரும் கனகாம்பிகை அம்மன் புண்ணியத்தில் குறையில்லாமல் இருக்கிறோம். அங்கே குளிர் தொடங்கியிருக்கும். நெஞ்சை மூடிக்கொண்டு படுக்கிறீங்களோ என்ற யோசனையோடுதான் பேனையை எடுத்தேன்.

ஒவ்வொரு நாளும் போனில் கதைக்கிற மனுசி ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீங்கள். உங்களோடு வேலை செய்கிற மெல்ரொன் லீவு முடிந்து புதன்கிழமை அங்கே திரும்புகிறான். நேற்று இந்தப் பக்கம் வந்தவன், அண்ணைக்கு ஏதும் குடுத்துவிடுறதெண்டால் தாங்கோ அக்கா என்றான். அவனுடைய தாய் புனிதம் அன்ரி உங்களுக்கும் சேர்த்துக் கருவாடு கட்டியிருக்கிறாவாம். இந்தக் கடிதத்தை லொறி உடைக்கிற யாட்டில் நின்று படிக்க வேண்டாம். அறைக்குப் போய், கதிரையில் இருந்து, ஆறுதலாகப் படியுங்கோ. போனில் என்றால் நீங்கள் இடையில் கேள்வி கேட்பீங்கள். நான் பயந்து ஓம் ஓம் என்று விடுவேன். போன முறையும் அதுதான் நடந்தது.

இங்கே மூன்று நாளாக மழை. இரணைமடுக் குளம் நிரம்பிக்கொண்டு வருகிறதாம், வான்கதவு திறப்பார்களோ என்று மாமா ஒவ்வொரு செய்திக்கும் ரேடியோவைத் தட்டுகிறார். விதைப்பு நல்லபடி முளைத்துவிட்டது. குசினி யன்னலால் பார்த்தால் வயல் எது, வானம் எது என்று தெரியாத ஒரு சாம்பல் பச்சை. நிதுஷா மத்தியானச் சோற்றோடு நித்திரை. அவளுடைய இருமல் குறைந்துவிட்டது. இரண்டு தரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். இரண்டாம் தரம் டொக்டர், பிள்ளைக்கு ஒண்டுமில்லை, தாய்க்குத்தான் மருந்து தரவேணும் போல கிடக்கு என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. தை மாதம் அவளை முதலாம் ஆண்டில் சேர்க்க வேண்டும். அந்தப் படிவம் நிரப்பியாயிற்று, ஒரு இடம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அத்தான், சுங்கத்தில் அந்தக் கடிதத்தைக் கொடுத்தாச்சா என்று நீங்கள் கேட்டபோது நான் ஓம் என்றேன். நான் கொடுக்கவில்லை. இதைச் சொல்ல எனக்குப் பதினேழு நாள் எடுத்திருக்கிறது.

நீங்கள் அங்கிருந்து எழுதி அனுப்பிய வாசகங்களை வரிக்கு வரி அப்படியேதான் தட்டச்சு செய்வித்தேன். கப்பலில் வந்த பெட்டிக்குள் இருப்பவை வெவ்வேறு வாகனங்களுக்கான பழைய உதிரிப்பாகங்கள், கொஞ்சம் பரந்தனில் ராசு அண்ணையின் கராச்சுக்கு, மிச்சம் இன்னும் இரண்டு பேருக்கு, செலவு குறையட்டும் என்று ஒரே பெட்டியில் போட்டது என்று. பெட்டி என் பெயருக்கு வந்ததால் கையெழுத்தும் நான்தான் வைக்க வேண்டும். வவுனியா வளாகத்தில் நான்கு வருடம் வர்த்தகம் படித்தவளுக்கு அது பொய்க் கடிதம் என்று தெரியும். ஆனாலும் வைத்தேன். பெட்டி வீட்டுக்கு வந்தால் அதற்குப் பின்னால் நானும் வருவன் என்று நீங்கள் சொன்னதைப் பிடித்துக்கொண்டுதான் வைத்தேன்.

பெட்டி திறக்கிறதுக்கு முதல்நாள் ராசு அண்ணையோடு ரயிலில் போய், வெள்ளவத்தையில் அவருடைய தமக்கை வீட்டில் தங்கினோம். பிள்ளையை மாமாவிடம் விட்டுவிட்டுப் போயிருக்கலாம். இருமுகிற பிள்ளையை விட மனம் வரவில்லை. அதிலேதான் எல்லாம் தொடங்கியது.

பெட்டி திறக்கிற களஞ்சியம் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கூரை அவ்வளவு உயரம். மேலே நாலைந்து இடத்தில் கண்ணாடித் தகடு பதித்திருந்தார்கள், அதனால் வெளிச்சம் நீர்மாதிரி இறங்கியது. நம்முடைய பெட்டி எங்கள் குசினி அளவு. பலகையைக் கழற்றியதும் நீங்கள் பாவிக்கிற அந்த எண்ணெய் மணம் வந்தது. நான் கொஞ்சநேரம் மூச்சை விடாமல் நின்றேன்.

அங்கே சுங்கத்தின் சார்பில் பொறுப்பாக நின்றவா அமராவதி என்ற ஒரு அம்மா. ஐம்பது வயது இருக்கும், சிங்கள வாடையோடு நல்ல தமிழ் கதைத்தா. நிலத்தில் நீலத் தறப்பாள் விரித்து ஒவ்வொரு சாமானாக எடுத்து வைக்கச் சொன்னா. பழைய துணியில் சுற்றி, கயிறு போட்டு, முடிச்சுக்கு முடிச்சு நீங்கள் கட்டியிருந்த ஒழுங்கைப் பார்த்து வேலையாட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். துணியை அவிழ்க்க அவிழ்க்க எல்லாவற்றிலும் மஞ்சள் மையில் வட்டம், வட்டத்துக்குள் இலக்கம். ராசு அண்ணை என் காதுக்குள், உன்ர மனுசன் கலியாணத்திலயும் பலகாரத்துக்கு நம்பர் போட்டவனெல்லோ, இதில விடுவானே என்றார்.

நீங்கள் துண்டுகளைச் சேர்த்துப் பூட்டுகிற ஒழுங்கை எழுதி அனுப்பின பட்டியல் நினைவிருக்கிறதா? ராசு அண்ணை அதை அச்செடுத்துத் தந்தார். நான் அதைக் குசினிச் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். நிதுஷா அதில்தான் இலக்கம் படித்தாள். ஒன்று முன் பம்பர், இரண்டு இடது லைற், மூன்று வலது லைற் என்று பாட்டுமாதிரிச் சொல்லுவாள். அப்பாவின் பாட்டு என்றுதான் அதற்குப் பெயர். அதைச் சொல்லாமல் சோறு இறங்காது.

அன்றைக்குத் தறப்பாளில் அந்த இலக்கங்களைக் கண்டதும் அவள் என் கையை விட்டுவிட்டாள். ஒன்றிலிருந்து தொடங்கினாள். ஒரு கதவிலிருந்து மறு கதவுக்குத் தாவித் தாவி, இருக்கைகளைச் சுற்றி, பதினேழு ஸ்டியரிங், பதினெட்டு ஹோர்ன் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு போனாள். பொருட்களை ஏற்றிறக்கித் தருகிற ஏஜென்ட் தம்பி சுஜிதன் என் காலை மிதித்தான். பிள்ளையைக் கூப்பிடுங்கோ அக்கா என்று அர்த்தம். நான் கூப்பிடவில்லை. பாருங்கோ அத்தான், அது பயம் மட்டும் இல்லை. மேலேயிருந்து வெளிச்சம் விழ, அந்த நீலத்தில் எங்கள் சின்ன லொறி கைகால் பரப்பிப் படுத்துக் கிடந்தது. அதற்குள்ளே பிள்ளை நடந்து திரிந்தாள். அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொரு துண்டும் கண் முழிக்கிறமாதிரி இருந்தது. கூப்பிட்டால் அது எழும்பாமல் போய்விடும் என்று தோன்றியது.

அறுபத்து மூன்றில் நின்றாள். அங்கும் இங்கும் தேடினாள். பிறகு என்னைப் பார்த்து, அம்மா அறுபத்து நாலு எங்கே, சாவி எங்கே என்று கேட்டாள்.

களஞ்சியத்தில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அமராவதி அம்மாவும் பார்த்தா. உங்கள் கடிதம் கைப்பைக்குள் இருந்தது. நான் அதை எடுக்காமல், சாவி உன்ர அப்பாவிடம் இருக்கு என்றேன்.

அவ்வளவுதான் நான் செய்தது. சுஜிதன் தலையில் கை வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

அமராவதி அம்மா கோபப்படவில்லை. ஒரு கதிரை எடுத்துத் தந்து இருக்கச் சொன்னா. தங்கச்சி, ஒரு பொருளைக் கழற்றித் துண்டு துண்டாகக் கொண்டு வந்தாலும், துண்டெல்லாம் ஒன்றாக வந்து, பூட்டினால் முழுப்பொருளாகும் என்றால், எங்களுடைய சட்டத்தில் அது முழுப்பொருள்தான் என்று சொன்னா. எஞ்சினும் சட்டகமும் இல்லாமல் வந்திருந்தால் உதிரிப்பாகம் என்று பார்க்க இடமிருக்கும். இது எல்லாம் சேர்ந்து வந்திருக்கிறது, ஆகையால் இது லொறி, லொறிக்கு வேறு அனுமதி வேண்டும் என்றா. சாவி இல்லையே என்று நான் கேட்டேன். என்ன மடத்தனமான கேள்வி. அவா சிரித்துவிட்டு, சாவி தூரத்தில் இருந்தாலும் லொறி லொறிதான் என்றா.

அந்த வசனம் என்னை விடவில்லை. வீட்டுக்கு வந்து அந்த விதியைத் தேடி வாசித்தேன். அவா சொன்னது சரிதான். மாமாவுக்குச் சொன்னேன். மாமா ஏசுவார் என்று நினைத்தேன். அவர் ரேடியோவை நிறுத்திவிட்டு, அவனுக்கு நம்பர் போடப் பழக்கினது நான்தானே, என்னைத்தான் பிடிக்கவேணும் என்றார்.

பிறகு தானாகவே சொன்னார். சண்டைக்காலத்தில் இடம்பெயர்கிற ஒவ்வொரு தரமும் வீட்டைக் கழற்றி ட்ரக்டர் பெட்டியில் ஏற்றியதை. தகரத்துக்கு ஒன்றிலிருந்து இருபத்திரண்டு, கதவுநிலைக்கு இருபத்து மூன்று, சோக்கட்டி பிடித்து எழுதினது நீங்கள்தானாம். உங்களுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதாம். போய் இறங்குகிற இடத்தில் மாமி இலக்கத்தை வாசிக்க, நீங்கள் எடுத்துக்கொடுக்க, பொழுதுபடுவதற்குள் வீடு எழும்பிவிடுமாம். ஐந்து தரம் எழும்பியதாம். ஆறாந்தரம் இறக்கினது இறக்கினபடி மணலில் கிடந்ததாம், இலக்கம் வாசிக்க மாமி இல்லை. அதற்குப் பிறகு வீட்டில் யாரும் சோக்கட்டி தொடவில்லை என்றார். சட்டத்தின்படி பார்த்தால், ட்ரக்டர் பெட்டியில் போகேக்கையும் அது வீடுதானே பிள்ளை என்று என்னைக் கேட்டார். நான் ஓம் மாமா என்றேன்.

இதை நீங்கள் எனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. நான் உங்களை எத்தனை தரம் பகிடி பண்ணியிருக்கிறேன், மசாலாப் போத்தலுக்கு இலக்கம் போடுகிற ஆம்பிளை என்று.

அன்றிலிருந்து ஒரே கனவு வருகிறது. குளக்கட்டால் எங்கள் லொறி வருகிறது. சத்தமே இல்லை, எஞ்சின் போட்டமாதிரியும் இல்லை, நீரில் மிதக்கிறமாதிரி வருகிறது. பின்னால் தகரங்கள் அடுக்கியிருக்கின்றன, ஈரத்தில் மினுங்குகின்றன. முன் இருக்கையில் ஒரு பெண் இருந்து மெதுவாக எண்ணிக்கொண்டு வருகிறா. முகம் தெரியவில்லை. ஓட்டுகிற இடம் மட்டும் வெறுமை. பயமாக இல்லை அத்தான். முழிக்கும்போதுதான் பயம் வருகிறது.

இப்போது விசயத்துக்கு வருகிறேன். மார்கழி பதினைந்தாம் திகதி விசாரணை. அதுவரை பெட்டி அங்கேயே இருக்கும். சாமானைக் கட்டி அனுப்பியவர் நேரில் வந்து, தெரியாமல் செய்தேன், இது எனக்கென்று நானே கழற்றிய லொறி என்று உள்ளதைச் சொன்னால், அதை வைத்து முடிவெடுப்பார்களாம். விடுவோம் என்று அமராவதி அம்மா வாக்குத் தரவில்லை. விடாமலும் போகலாம். பொய்க் கடிதம் கொடுத்திருந்தால் பெட்டியோடு என்னையும் சேர்த்துப் பிடித்திருப்பார்கள் என்று மட்டும் சொன்னா. கைப்பைக்குள் என்ன இருந்தது என்று அவாவுக்குத் தெரிந்திருக்குமோ என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

பெட்டி வராவிட்டால் இன்னும் மூன்று வருடத்துக்கு ஒப்பந்தம் எழுதுவன், வெறுங்கையோட வந்து ஊரில என்ன செய்யிறது என்று போன கிழமை சொன்னீங்கள். மார்கழியில்தான் அந்தக் கையெழுத்தும் வைக்க வேண்டும் என்று மெல்ரொன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மீன் ஏற்றலாம், மரக்கறி ஏற்றலாம் என்று நீங்கள் போட்ட கணக்கெல்லாம் எனக்கும் பிடித்ததுதான். ஆனால் மூன்று வருடத்தில் நிதுஷாவுக்கு எட்டு வயது. இப்பவே அப்பா எவ்வளவு உயரம் என்று கேட்டால், போனைத் தூக்கிக் காட்டி இவ்வளவு என்கிறாள்.

நேரில் வர முடியாதவர் தூதரகத்தில் சத்தியக்கூற்று எழுதி அனுப்பவும் வழி இருக்கிறது. அதற்கான படிவத்தை அவா தந்தா. உங்களுக்கு மறைக்கக்கூடாது என்று அதையும் இதோடு வைக்கிறேன். திருப்பிப் பாருங்கோ. நிதுஷா பின்பக்கம் லொறி கீறியிருக்கிறாள், சில்லுக்குப் பூசின மை ஊறி முன்பக்கம் கையெழுத்து வைக்கிற இடத்தில் பெரிய கறுப்பு வட்டமாகி விட்டது. அவளுக்கு எட்டாத உயரத்தில், அலுமாரிக்கு மேலே வைத்திருக்கலாம். நான் வைக்கவில்லை.

பள்ளிக்கூடப் படிவத்தில் வெறுமையாக விட்ட இடம், தகப்பனாரின் தற்போதைய வதிவிடம். தை இரண்டாந் திகதி கொடுக்க வேண்டும். பென்சிலால்கூட நான் எழுதவில்லை.

ராசு அண்ணை கேட்கச் சொன்னார், லொறி வராவிட்டாலும் கராச்சில் நிதானமாக வேலை செய்யிற ஒரு ஆள் தேவையாம், நம்பர் போடாமல் இருந்தால் சம்பளம் கூடவாம். பகிடிக்குச் சொல்கிறாரோ மெய்யாகச் சொல்கிறாரோ தெரியாது. நான் மெய் என்றே எடுத்துக்கொண்டேன்.

மழை விடுகிறது. பிள்ளை புரளுகிறாள், எழும்பப் போகிறாள். எழும்பினவுடன் அப்பாவின் பாட்டுத்தான். இந்தப் பதினேழு நாளும் அறுபத்து மூன்றோடு நிறுத்திவிடுகிறாள். மிச்சத்தையும் சொல்லு என்றால், அது அங்கே இருக்கு என்று கையை எங்கேயோ காட்டுகிறாள்.

உங்களிடம் கேட்காமல் செய்தது பிழையென்றால் நேரில் வந்து பேசுங்கோ, எவ்வளவு வேண்டுமானாலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீங்கள் கழுத்துக் கயிற்றில் போட்டிருக்கிற அந்தச் சாவியை யாரிடமும் கொடுத்தனுப்ப வேண்டாம். தபாலிலும் வேண்டாம். லொறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது உங்கள் கழுத்திலேயே இருந்து வரட்டும்.

வழியெல்லாம் அம்மன் உங்களோடு நிற்க வேண்டும்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
யதுர்ஷிகா