லாவெண்டர் குப்பியில் ஒரு துண்டு சூடம்

12.8.1991, திங்கள்

அப்பாவுக்கு ஊதுபத்தித் தொழில். கர்வமெல்லாம் மூக்கில்தான். லாவெண்டர் எண்ணெயில் ரெண்டு சாதி உண்டாம்; ரெண்டும் ஒரே மாதிரி மணக்குமாம், மட்டமானதில் மட்டும் சூடத்தின் நெடி முட்டுமாம். அந்த மூக்கை ஏமாற்றிப் பார்க்க எனக்கு ஆசை. ராஜபாளையத்து ஏஜெண்டு செல்வம் அண்ணன் டீ குடிக்கப் போன நேரம், அவர் கொண்டுவந்த உசத்தி எண்ணெயில் பூஜை அலமாரிச் சூடத்தைக் கரைத்துவிட்டேன்.

அப்பா காகிதத்தை அந்த எண்ணெயில் நனைத்து மோந்தார். "ஏலே, மட்டத்தை உசத்தின்னு எங்கிட்டயே விக்க வாரியா?"

சிரித்துக்கொண்டே உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அண்ணனும் மோந்து பார்த்தார். முகம் செத்துப்போனது.

"மன்னிச்சிருங்க அண்ணாச்சி. கம்பெனியில என்னையும் ஏமாத்திட்டாவ போல."

"இனிமே இந்தப் படி ஏறாத."

அண்ணன் குனிந்த தலையோடு பஸ்ஸுக்குப் போனார். திறந்த வாயை நான் மூடிக்கொண்டேன்.

ராத்திரி சாப்பிடும்போது அப்பாவுக்கு ஒரே பெருமை. "எம் மூக்கு பொய் சொல்லாது, பாத்தியாட்டி?"

ஆமாப்பா, சொல்லலை. சூடம் இருந்துச்சு. பக்கத்திலேயே உட்கார்ந்து சோறு தின்ற என் வாய்தான் பொய் சொல்லிச்சு.